தினமும் இழுக்கிற வீசிங் இன்ஹேலர், அத ஒழுங்கா எப்படி எடுக்கறது

எங்கம்மாவுக்கு வீசிங் இருக்குன்னு தெரிஞ்சு 11 வருஷம் ஆச்சுங்க, அதுல மொத 4 வருஷம் இன்ஹேலர தப்பாத்தான் இழுத்துக்கிட்டு இருந்தாங்கன்னு ஒரு சிஸ்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சது. எங்க ஊரு காரிமங்கலம் பக்கம். மாசி பங்குனி வந்தா ஊரு முழுக்க புளி தட்டற வேலதான், வாசல்ல சாக்க விரிச்சு ஓடு தட்டி, நாரு எடுத்து, கொட்டை எடுத்துன்னு பொழுதுக்கும் அந்த தூசிலதான் உக்காந்திருப்பாங்க. சாயங்காலம் ஆனா நெஞ்சுக்குள்ள பூனை குட்டி கத்தற மாதிரி விசில் சத்தம் வரும். மாசத்துக்கு ஒரு தடவயாவது ராத்திரியில வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போயி நெபுலைசர், அதான் மருந்த புகையாக்கி மூஞ்சில மாட்டி இழுக்க வைக்கற மெஷின், அத வெச்சுக்கிட்டு வருவோம். கையில இன்ஹேலர் இருந்துது, காசு குடுத்து மாசா மாசம் வாங்கவும் செஞ்சோம், ஆனா மருந்து உள்ள போகவே இல்ல.

அன்னைக்கு அந்த சிஸ்டர், எப்படி இழுப்பீங்க, என் முன்னாடி ஒரு தடவ செஞ்சு காட்டுங்கம்மான்னாங்க. அம்மா வாயத் தொறந்து, டப்பாவ உதட்டுல லேசா வெச்சு, ஒரு அமுக்கு அமுக்கி, அப்பறமா மூச்ச இழுத்தாங்க. வாய் ஓரத்துல இருந்து வெள்ளையா புகை மாதிரி மேல போச்சு. சிஸ்டர் அத விரலால காட்டி, அந்த புகைதாம்மா உங்க மருந்து, அது காத்துல போயிடுச்சு, மிச்சம் நாக்குல ஒட்டிக்கிச்சுன்னாங்க. எங்களுக்கு வயிறே எரிஞ்சு போச்சு. அதுல இருந்து நான் யாரு வீட்டுல இன்ஹேலரப் பாத்தாலும் ஒரு தடவ இழுத்துக் காட்டுங்கன்னுதான் மொதல்ல கேக்கறேன், பத்து பேருகிட்ட கேட்டா பாதி பேருக்கு மேல ஏதாவது ஒரு தப்பு பண்றாங்க. அதனாலதான் இத எழுதறேன்.

மொதல்ல இந்த மருந்து என்னன்னு சொல்லிடறேன். டாக்டருங்க தினமும் காலையில ராத்திரி எடுக்கச் சொல்ற காம்பினேஷன் இன்ஹேலர்ல ரெண்டு மருந்து சேந்து இருக்கும். ஒண்ணு ஸ்டீராய்டு, பியூடெசோனைடு இல்லன்னா ஃப்ளூடிகசோன். இது மூச்சுக்குழாய்க்குள்ள இருக்கற வீக்கத்த கொஞ்சம் கொஞ்சமா வத்த வைக்கும். இன்னொண்ணு குழாய விரிச்சு விடற மருந்து, ஃபார்மோடிரால் இல்லன்னா சால்மெடிரால், ஒரு தடவ இழுத்தா கிட்டத்தட்ட 12 மணி நேரம் நிக்கும், அதனாலதான் ரெண்டு வேளை. ஃபோராகார்ட், பியூடமேட், செரோஃப்ளோன்னு கடையில கேக்கறமே, எல்லாம் இந்த வகையறாதான்.

நாம வீசிங்னு சொல்ற இந்த ஆஸ்துமாங்கறது அப்பப்ப வந்துட்டுப் போற மூச்சுத் திணறல் மட்டும் இல்லைங்க. இழுப்பு இல்லாத நாள்லயும் குழாய்க்குள்ள வீக்கம் இருந்துக்கிட்டேதான் இருக்கும், அது நமக்கு தெரியாது. தூசி, புகை, பனி, சளின்னு ஏதாவது பட்டா சட்டுனு சுருங்கிடும். அந்த வீக்கத்த குறைக்கற வேலய ஸ்டீராய்டு ஒரே நாள்ல செய்யாது, சில நாளுல வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், முழு பலன் வர சில வாரமாவது ஆகும். இதுல எங்கம்மா மாதிரி ஆளுங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் வழுக்குவாங்க. ரெண்டு மாசம் இழுத்து நல்லா ஆனவொடனே, "நல்லாத்தான பாப்பா கீறேன், அப்பறம் எதுக்கு மருந்து"ன்னு மூட்டை கட்டி வெச்சுடுவாங்க. நல்லா இருக்கறதே அந்த மருந்தாலதான். நிறுத்துன கையோட திணறல் வராது, பத்து நாளோ ஒரு மாசமோ கழிச்சு ஒரு பனி ராத்திரியில மொத்தமா வரும், அப்ப மருந்த நிறுத்துனதுதான் காரணம்னு யாருக்கும் தோணாது, தயிர் சாப்பிட்டதுதான் காரணம்னுவாங்க.

இந்த தினசரி இன்ஹேலர் வேற, அவசரத்துக்கு அடிக்கிற ஆஸ்தாலின் வேற. ஆஸ்தாலின்ல இருக்கறது சால்பூட்டமால், அஞ்சு நிமிஷத்துல குழாய விரிக்கும், 4ல இருந்து 6 மணி நேரம் நிக்கும், அவ்வளவுதான், வீக்கத்த அது தொடவே தொடாது. ஒடனே சுகம் தர்றதால ஜனங்களுக்கு அதுமேலதான் நம்பிக்கை, தினசரி மருந்த விட்டுட்டு அதையே நாளைக்கு அஞ்சாறு தடவ அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. அது ரொம்ப ஆபத்து. உலக அளவுல ஆஸ்துமாவுக்கு வழிகாட்டுதல் போடற கினா அமைப்பு 2019லயே, பெரியவங்களுக்கும் 12 வயசுக்கு மேல இருக்கற பசங்களுக்கும் சால்பூட்டமால மட்டும் தனியா குடுத்து வைத்தியம் பாக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு. 200 டோஸ் இருக்கற சால்பூட்டமால் டப்பா வருஷத்துக்கு 3 இல்ல அதுக்கு மேல தீருதுன்னா பெரிய அட்டாக் வர்ற வாய்ப்பு கூடுது, 12 இல்ல அதுக்கு மேல போனா உயிருக்கே ஆபத்து கூடுதுன்னும் அவங்க சொல்றாங்க. உங்க வீட்டுல இந்த வருஷம் எத்தனை டப்பா வாங்குனீங்கன்னு இப்பவே ஒரு தடவ எண்ணிப் பாருங்க.

எங்கம்மாவுக்கு படிக்கத் தெரியாது, ரெண்டு டப்பாவும் ஒரே அலமாரியில இருக்கும், அவசரத்துல மாத்தி எடுத்துடுவாங்க. அதுக்கு தங்கச்சி ஒரு வேல பண்ணா, அவசர டப்பா மேல பெருசா ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி விட்டுட்டா, தினசரி டப்பாவ பல் விளக்கற பிரஷ் வெச்சிருக்கற டம்ளர்கிட்டயே ஒரு மூடி போட்ட டப்பாவுல வெச்சுட்டா. பொட்டு வெச்சது மூச்சு முட்டனா, பொட்டு இல்லாதது பல்லு விளக்கறதுக்கு முன்னாடி. கலர நம்பாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறும்.

இதுல ஒரு விஷயம் கவனமா படிங்க. ஃபார்மோடிரால் சில நிமிஷத்துலயே வேல செய்யும், சால்மெடிரால் மெதுவாத்தான் புடிக்கும், அரை மணி நேரம் கூட ஆகலாம். அதனால பியூடெசோனைடும் ஃபார்மோடிராலும் சேந்த இன்ஹேலர சில பேருக்கு டாக்டரே தினமும் இதுதான், திணறனாலும் இதையே அடிங்கன்னு எழுதிக் குடுப்பாங்க. அதுக்கு உச்ச அளவு இருக்கு, பெரியவங்களுக்கு ஃபார்மோடிரால் 6 மைக்ரோகிராம் இருக்கற டப்பாவுல ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து 12 பஃப் (ஒரு அமுக்குதான் ஒரு பஃப்), அது எல்லை மட்டுந்தான், அந்த பக்கம் நெருங்கறீங்கன்னாலே அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும்னு அர்த்தம். சால்மெடிரால் இருக்கற டப்பாவ மூச்சு முட்டறப்ப திரும்பத் திரும்ப அடிக்கவே கூடாது, ஒடனே கேக்காது, அளவு மட்டும் ஏறி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். உங்க டப்பாவுல எந்த மருந்துன்னு தெரியலன்னா மருந்துக்கடை தம்பிகிட்ட படிச்சு சொல்லச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட "திணறனா எத அடிக்கணும், எத்தனை தடவ"ன்னு கேட்டு சீட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க.

இப்ப இழுக்கற முறை. அமுக்கற டப்பா வகைய மொதல்ல சொல்றேன். உக்காந்தோ நின்னோ எடுங்க, படுத்துக்கிட்டு வேண்டாம். மூடியக் கழட்டி வாய் வெக்கற எடத்துக்குள்ள எட்டிப் பாருங்க, பையில கெடந்த சில்லறை காசு, குப்பை ஏதாவது போயிருக்கும். நல்லா குலுக்குங்க. புது டப்பான்னாலோ ரொம்ப நாளா தொடாம இருந்தாலோ மொதல்ல காத்துல அடிச்சு விடணும், எத்தனை தடவன்னு உள்ள இருக்கற பேப்பர்ல போட்டிருக்கும். அப்பறம் முகத்த நேரா வெச்சு, வலிக்காத அளவுக்கு மூச்ச முழுசா வெளிய விடுங்க, டப்பாவுக்குள்ள ஊதக் கூடாது. பல்லுக்கு நடுவுல வெச்சு உதட்ட இறுக்கி மூடிக்கோங்க, நாக்கு வழிய அடைக்கக் கூடாது. மெதுவா மூச்ச இழுக்க ஆரம்பிங்க, ஆரம்பிச்ச அந்த நொடியிலயே ஒரு தடவ அமுக்குங்க, அமுக்குன பெறகும் நிறுத்தாம அதே மெதுவான இழுப்புல நெஞ்சு நெறையற வரைக்கும் இழுங்க, 4ல இருந்து 5 செகண்டு. சூடான காப்பிய உறிஞ்சற மாதிரி சர்ருன்னு இழுத்தா தொண்டையில அடிச்சு அங்கயே நின்னுடும். டப்பாவ எடுத்துட்டு வாய மூடி 10 எண்ணற வரைக்கும் மூச்ச புடிங்க, முடியலன்னா முடிஞ்ச வரைக்கும். மெதுவா விடுங்க. ரெண்டாவது பஃப் இருந்தா அரை நிமிஷமாவது விட்டு, திரும்ப குலுக்கி, மறுபடி மொதல்ல இருந்து. ரெண்டு அமுக்கு சேத்து அமுக்கி ஒரே இழுப்புல இழுக்கறவங்க நெறைய பேரு இருக்காங்க, அது கணக்குலயே சேராது.

கண்ணாடி முன்னாடி நின்னு செஞ்சு பாருங்க. வாய்லயோ மூக்குலயோ புகை தெரிஞ்சா தப்பு. எங்கம்மா அலமாரி கண்ணாடி முன்னாடி நின்னு 3 நாள் பழகுனாங்க, நாலாவது நாள் புகையே இல்ல.

அமுக்கறதும் இழுக்கறதும் ஒத்து வரலன்னா ஸ்பேசர் வாங்கிடுங்க, சொல்லப்போனா அமுக்கற டப்பா யூஸ் பண்ற எல்லாரும் வாங்கறது நல்லது, வயசானவங்களுக்கும் பசங்களுக்கும் கண்டிப்பா வேணும். அது ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு பக்கம் இன்ஹேலர் செருகிட்டு மறு பக்கம் வாய் வெச்சு இழுக்கறது. மருந்து புகை அதுக்குள்ள நிக்கும், நாம பதட்டப்படாம இழுக்கலாம், தொண்டையில படியறதும் குறையும். ஒரு தடவ அமுக்கி ஒடனே மெதுவா இழுத்து மூச்சு புடிக்கணும், புடிக்க முடியாதவங்க வாய எடுக்காம அஞ்சாறு தடவ சாதாரணமா மூச்சு விட்டு வாங்குனா போதும். ஒவ்வொரு பஃப்பும் தனித்தனியா. கழுவறதுல ஒரு சூட்சுமம் இருக்கு, வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு முக்கி எடுத்து, அப்படியே நிழல்ல காய விடணும். துணி போட்டு துடைச்சா பிளாஸ்டிக்ல ஸ்டேடிக் மின்சாரம் ஏறி மருந்து சுவத்துலயே ஒட்டிக்கும், சின்ன வயசுல சீப்ப தலையில தேச்சு பேப்பர் துண்ட இழுப்போமே, அதே கதைதான். அம்மா மொதல் ஸ்பேசர பாத்திரம் மாதிரி நாரு போட்டு தேச்சு வெச்சுட்டாங்க, புதுசு வாங்க வேண்டியதா போச்சு.

ரோட்டாகேப் வகை, அதான் கேப்சூல போட்டு இழுக்கறது, அதுக்கு இழுப்பு நேர் எதிர். அதுல மருந்து பொடி, தள்ளி விட கேஸ் கிடையாது, உங்க மூச்சு வேகம்தான் அத உள்ள கொண்டு போகணும், அதனால வேகமா, அழுத்தமா, நீளமா இழுக்கணும். அந்த கருவிக்குள்ள மூச்ச விடவே கூடாது, ஈரம் பட்டா பொடி கட்டியாயிடும். கேப்சூல அப்பப்ப எடுத்து போட்டு ஒடனே இழுக்கணும், காலையிலயே ராத்திரிக்கும் சேத்து போட்டு வைக்கக் கூடாது, ஈரக் கையால தொடவும் கூடாது. இழுத்த பெறகு பொடி மிச்சம் இருக்கான்னு பாருங்க, இருந்தா இன்னொரு தடவ இழுங்க. பக்கத்து தெரு பெரியம்மா ஒருத்தங்க இந்த கேப்சூல காய்ச்சல் மாத்திரை மாதிரி தண்ணி ஊத்தி முழுங்கிக்கிட்டு இருந்தாங்க, கடையில மாத்திரை அட்டையோட சேத்து கவர்ல போட்டுக் குடுத்துட்டாங்க, யாரும் சொல்லித் தரல. இது முழுங்கற மாத்திரை இல்லைங்க, வயித்துக்குப் போனா நெஞ்சுக்கு பிரயோஜனம் இல்ல. வயசானவங்க வீட்டுல இருந்தா இத ஒரு தடவ கேட்டுடுங்க.

எந்த வகையா இருந்தாலும் இழுத்து முடிச்சவொடனே தண்ணி ஊத்தி வாய் கொப்புளிச்சு, தொண்டை வரைக்கும் கார்கிள் பண்ணி துப்பணும். முழுங்கக் கூடாது. இத விட்டா நாக்குல வெள்ளை வெள்ளையா படியும், அது பூஞ்சை, சாப்பிட்டா எரியும், குரலும் கட்டிக்கும். பல் விளக்கறதுக்கு முன்னாடி இன்ஹேலர் எடுங்கன்னு சொல்றது இதுக்குத்தான், கொப்புளிக்கறது தானா நடந்துடும். ராத்திரி வேளைக்கு படுக்கைக்கு பக்கத்துல சொம்புல தண்ணி வெச்சுக்கோங்க.

ஸ்டீராய்டுன்ன ஒடனே பயப்படறாங்க, உடம்பு ஊதிடும், எலும்பு போயிடும், பழகிடும், விட முடியாதுன்னு. அந்த பயத்துல நியாயம் இல்லாம இல்ல, ஸ்டீராய்டு மாத்திரைய வருஷக்கணக்கா முழுங்குனா அதெல்லாம் வரும். ஆனா அளவப் பாருங்க. மாத்திரை மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலர் மைக்ரோகிராம் கணக்கு, ஒரு மில்லிகிராம்னா 1000 மைக்ரோகிராம். ஒரு பஃப்ல 200 மைக்ரோகிராம் பியூடெசோனைடுன்னா ஒரு மில்லிகிராம்ல அஞ்சுல ஒரு பங்கு, அதுவும் நேரா நுரையீரலுக்கு போகுது. இது போதை மாதிரி பழகற மருந்தும் இல்ல. ரொம்ப வருஷம் அதிக டோஸ்ல இருக்கறவங்க கண்ணும் எலும்பும் டாக்டர்கிட்ட பாத்துக்கணும், பசங்களுக்கு வளர்த்தி கொஞ்சம் மட்டுப்படலாம், அதனால 3 மாசம் போல நல்ல கட்டுப்பாட்டுல இருந்தா டாக்டரே அளவ குறைச்சுக்கிட்டு வருவாரு. குறைக்கறது அவரு வேல, நம்மளா நிறுத்தக் கூடாது. கர்ப்பமா இருக்கற பொண்ணுங்கள மாமியார் வீட்டுல மருந்த நிறுத்தச் சொல்லுவாங்க, நிறுத்தாதீங்க, அம்மாவுக்கு மூச்சு திணறுனா கொழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும், டாக்டர்கிட்ட சொல்லிட்டு தொடருங்க.

கை லேசா நடுங்கறது, நெஞ்சு படபடப்பு, கெண்டைக்கால் புடிச்சுக்கறது விரிக்கற மருந்தால வரலாம், அதிகமா இருந்தா சொல்லணும். பிரஷருக்கும் படபடப்புக்கும் குடுக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை, கண்ணு நீர் அழுத்தத்துக்கு போடற டிமோலால் சொட்டு மருந்து, மூட்டு வலி மாத்திரை, இதெல்லாம் சில பேருக்கு வீசிங்க கெளப்பி விடும். எந்த டாக்டர்கிட்ட போனாலும், கண் டாக்டரா இருந்தாலும், எனக்கு ஆஸ்துமா இருக்குன்னு மொதல்ல சொல்லிடுங்க.

ஒரு வேளை மறந்துட்டா ஞாபகம் வந்தப்ப எடுங்க, அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுடுங்க, ரெண்டு மடங்கா சேத்து எடுக்காதீங்க.

டப்பா தீந்து போச்சான்னு குலுக்கிப் பாத்து கண்டுபுடிக்க முடியாது. மருந்து தீந்த பெறகும் கேஸ் இருக்கும், சத்தமும் வரும், புகையும் வரும். தண்ணியில போட்டு மிதக்குதான்னு பாக்கறதும் தப்பு, டப்பாவும் கெட்டுப் போகும். மிச்சம் எத்தனைன்னு காட்டற நம்பர் கவுண்டர் டப்பாவுல இருந்தா அதப் பாருங்க, இல்லன்னா கணக்கு போடுங்க. 120 டோஸ், காலையில 2 ராத்திரி 2ன்னா நாளைக்கு 4, சரியா 30 நாள். நாங்க ஆரம்பிக்கற தேதிய மார்க்கர்ல டப்பா மேலயே எழுதிட்டு, தீர்ற தேதிய தினசரி காலண்டர்ல ஒரு வாரம் முன்னாடி தாள்ல வட்டம் போட்டு வெச்சுடறோம். கடையில மாத்திக் குடுத்தா பேரு மட்டும் பாக்காதீங்க, மருந்து அளவு நம்பரையும் பாருங்க, ஒரே பேருல 100, 200, 400ன்னு வரும். விலை கட்டுப்படியாகலன்னா விட்டுடாம ஜி.எச்ல கேளுங்க, தருமபுரியிலயும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, கிருஷ்ணகிரியிலயும் 2022ல மெடிக்கல் காலேஜ் வந்துடுச்சு. மக்கள் மருந்தகத்துலயும் அதே மருந்து கம்மி விலையில இருக்கான்னு கேட்டுப் பாக்கலாம்.

சித்திரை வெயில்ல டூவீலர் டிக்கியிலயோ கார் டேஷ்போர்டுலயோ இன்ஹேலர வைக்காதீங்க, 30 டிகிரிக்கு கீழ இருக்கணும், அழுத்தத்துல இருக்கற டப்பா, சூடேறினா வெடிக்கும். அடுப்பு மேடை பக்கத்துலயும் வேண்டாம். வாய் வெக்கற எடத்த வாரம் ஒரு தடவ சுத்தம் பண்ணுங்க, பேப்பர்ல போட்டிருக்கற மாதிரி, உலோக டப்பாவ மட்டும் தண்ணியில போடக் கூடாது.

மருந்து எவ்வளவு ஒழுங்கா எடுத்தாலும் காரணத்தோட நேருக்கு நேரா உக்காந்தா அது தாங்காது. நம்ம பக்கம் காரணம் நெறைய. புளி தூசி, கேவுரு அடிக்கிற களம், வெறகு அடுப்பு, பர்கூர் பக்கம் கிரானைட் வேல, ஜல்லி கிரஷர், மாங்கா தோப்புல மருந்தடிக்கிற நாளு, மார்கழி தையில தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் எறங்கற பனி, போகி அன்னைக்கு கொளுத்தற பழைய டயர். எங்கம்மா இப்ப புளி தட்டறதில்ல, தட்டி முடிச்சத எடை போடற எடத்துல மட்டும் நிப்பாங்க, அதுவும் மாஸ்க் போட்டுக்கிட்டு. பொழப்ப விட முடியாதவங்க காத்து வர்ற பக்கம் முதுக வெச்சு உக்காருங்க, ஒடம்புக்கு முடியாத நாள்ல போகாதீங்க.

கட்டுப்பாட்டுல இருக்கான்னு எப்படி தெரியும்னா, கடைசி 4 வாரத்த நெனைச்சுப் பாருங்க. வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல பகல்ல இழுப்பு வந்துச்சா, ராத்திரி இருமல் திணறலால எந்திரிச்சீங்களா, வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல அவசர டப்பா தேவைப்பட்டுச்சா, முடியலன்னு ஏதாவது வேலய விட்டீங்களா. ஒண்ணுக்கு ஆமான்னு வந்தாலும் டாக்டர பாக்கணும். டோஸ ஏத்தறதுக்கு முன்னாடி இழுக்கற முறைய பாக்கச் சொல்லி நீங்களே கேளுங்க.

ஒரே வாக்கியத்த முழுசா பேச முடியாம நடுவுல மூச்சு வாங்குனா, உதடு நீலமானா, கழுத்து பள்ளமும் விலா எலும்பும் உள்ள உள்ள இழுத்தா, ஆளு மயக்கமா சோர்ந்தா, இல்ல விசில் சத்தம் திடீர்னு நின்னும் திணறல் மட்டும் இருந்தா, காத்திருக்காம 108க்கு அடிங்க. சத்தம் நின்னா சரியாயிடுச்சுன்னு நெனைக்கறாங்க, காத்தே போகலன்னாலும் சத்தம் நிக்கும். வண்டி வர்ற வரைக்கும் நிமிந்து உக்கார வெச்சு, சால்பூட்டமால் இருந்தா ஸ்பேசர் போட்டு ஒவ்வொண்ணா 4 பஃப் குடுங்க, கேக்கலன்னா 20 நிமிஷத்துல திரும்பவும் குடுக்கலாம், 10 பஃப் வரைக்கும் போகலாம். ஏரியூர், அஞ்செட்டி மாதிரி தூரத்து ஊருல இருக்கறவங்க வண்டி வர நேரம் ஆகும்னு கணக்கு வெச்சு, மோசமாகற மாதிரி தெரிஞ்சவொடனேயே கெளம்பிடுங்க, விடியட்டும்னு பாக்காதீங்க.

அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்ப சீட்ட மட்டும் கொண்டு போகாதீங்க. வீட்டுல இருக்கற அத்தனை இன்ஹேலரும், ஸ்பேசரும், கேப்சூல் டப்பாவும், தீந்து போனது கூட, ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துக்கிட்டு போய் மேசை மேல வெச்சு, டாக்டர், நான் இழுக்கறேன், தப்பு இருந்தா சொல்லுங்கன்னு கேளுங்க. டாக்டருக்கு கூட்டம் அதிகமா இருந்தா சிஸ்டர்கிட்ட கேளுங்க, எங்களுக்கு சொல்லிக் குடுத்தது ஒரு சிஸ்டர்தான், அவங்களுக்கு அதுக்கு ஆனது அஞ்சே நிமிஷம்.